கச்சான் எழுதாத வரி

ஏட்டையா எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. இந்தக் காலத்தில் இப்படி எழுதுகிறவர்கள் குறைவு. அதை அவரிடமே சொன்னேன், சந்தோஷப்பட்டார். ஆனால் அதில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. ‘மேற்படி பூமிநாதன் ஆத்திரத்தின் மிகுதியால்’ என்று ஓரிடத்தில் வருகிறது. எனக்கு ஆத்திரம் வரவில்லை. ‘முன்விரோதம் காரணமாக’ என்று இன்னோர் இடத்தில் வருகிறது. சந்தியாகுவுக்கும் எனக்கும் எந்த விரோதமும் கிடையாது. ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவான். டீ குடிக்கப் போனால் எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு வருவான். இதையெல்லாம் விட்டுவிட்டு எழுதினால் படிக்கிறவருக்கு என்ன புரியும்? அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று இன்ஸ்பெக்டர் அய்யாவிடம் கேட்டேன். தாளும் பேனாவும் கொடுத்ததற்கு நன்றி.

மண்டபத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் சேர்த்து வைத்திருக்கிறேன். சொந்த ஊர் கடல் பக்கம் இல்லை, சத்திரக்குடியிலிருந்து உள்ளே போக வேண்டும். முண்டு மிளகாய் போடுகிற குடும்பம். வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு அலைந்து, கடைசியில் இந்தக் கடையை எடுத்தேன். மனைவி பெயர் இராமலட்சுமி. பிள்ளைகள் இல்லை. இதுவரை ஏட்டையா சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

‘இக்கரை’யைத்தான் தப்பாக எழுதிவிட்டார். கம்பெனி என்று போட்டிருக்கிறார். அது கம்பெனி இல்லை. இண்டர்நெட்டில் நான் நடத்துகிற விவாதக் களம். ஊர்க்கூட்டத்தில் ஒருவர் பேச மற்றவர் பதில் சொல்வதைப்போல இங்கே எழுதிப் பேசுவார்கள். சிங்கப்பூரில் இருப்பார்கள், துபாயில் இருப்பார்கள், டொராண்டோவில் இருப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது, பெரும்பாலும் புனைபெயர்தான். ஒருவர் ஒரு தலைப்பை ஆரம்பித்தால் மற்றவர்கள் அதன்கீழ் எழுதிக்கொண்டே போவார்கள், அதற்கு இழை என்று பெயர். யாராவது அசிங்கமாக எழுதினால் அதை நீக்கவும், ஆளை வெளியே அனுப்பவும் ஒருவருக்கு அதிகாரம் உண்டு. அவரை மட்டுறுத்துநர் என்போம். அது நான். அங்கே என் பெயர் துலாக்கோல்.

மற்ற இடங்களில் அரசியல் பேசுகிற லட்சணத்தை இன்ஸ்பெக்டர் அய்யா ஒருமுறை பார்க்க வேண்டும். ஈழத்தைப் பற்றி ஒருவர் வாயைத் திறந்தால் மூன்றாவது பதிலில் அவருடைய அம்மாவை இழுப்பார்கள், ஐந்தாவது பதிலில் சாதி வந்துவிடும். இக்கரையில் அது நடக்காது. ஒருமையில் எழுதினால் நீக்குவேன். புள்ளிவிவரம் எழுதினால் ஆதாரம் கேட்பேன், தராவிட்டால் அதையும் நீக்குவேன். எதிரில் இருப்பவரின் கருத்தை அவரே ஒத்துக்கொள்கிற மாதிரி முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் மறுக்க வேண்டும் என்றும் ஒரு விதி வைத்தேன். மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தவர்கள்கூட அந்த விதியைப் பார்த்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பேசினார்கள். தமிழில் அரசியல் பேச இப்படி ஓர் இடமா என்று ஆச்சரியப்பட்டு வெளிநாட்டிலிருந்து எழுதுவார்கள்.

அந்த மரியாதை எனக்கு வேண்டியிருந்தது. கடையில் நான் ஜெராக்ஸ்காரன். ரேஷன் கார்டை நீட்டி ‘ரெண்டு பக்கமும் எடு’ என்பார்கள். களத்தில் நான் ஒரு பதிவு எழுதினால் அந்த இழை அதோடு அமைதியாகிவிடும். தொண்டியில் பிறந்து சிங்கப்பூரில் டீச்சராக இருக்கும் உம்மு ஹபீபா என்கிற அம்மா, ‘துலாக்கோல் அண்ணன் சொன்ன பிறகு சொல்வதற்கு ஒன்றுமில்லை’ என்று எழுதுவார். அந்த வரியைத் தனியாக எடுத்து வைத்துப் படித்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஏழில், சேதுக் கால்வாயைப் பற்றி எல்லோரும் அடித்துக்கொண்டிருந்த சமயத்தில், கச்சான் வந்தான். மேற்கேயிருந்து அடிக்கிற காற்றுக்குக் கடற்கரையில் அந்தப் பெயர். வந்த வாரமே ஒரு தப்பான கணக்கை எழுதினான். துபாயில் இருக்கும் ஒருவர், பயங்கரக் கோபக்காரர், அதைப் பிடித்து உலுக்கிவிட்டார். ஆள் ஓடிவிடுவான் என்று நினைத்தேன். ஆனால் அவன் பதில் எழுதினான்: ‘நீங்கள் சொல்வதுதான் சரி, நான் எழுதியது தப்பு. மூளையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன், காய்ந்ததும் எடுத்து மாட்டிக்கொண்டு வருகிறேன்.’ களமே சிரித்தது. துபாய்க்காரரும் சிரித்தார். ஒரு மாதம் கழித்து அதே மனிதர், ‘கச்சான், உங்களோடு பேசிய பிறகு என் கருத்தை மாற்றிக்கொண்டேன்’ என்று பகிரங்கமாக எழுதினார்.

அந்த மனிதரோடு நான் இரண்டு வருடம் வாதம் செய்திருக்கிறேன். அரசாங்க அறிக்கைகளைப் பக்க எண்ணோடு கொடுத்திருக்கிறேன். என்னிடம் தோற்றால் அவர் பேசாமல் போய்விடுவார். எல்லோருமே என்னிடம் அப்படித்தான். கருத்தை மாற்றிக்கொண்டேன் என்று ஒருவர்கூட எனக்கு எழுதியதில்லை. அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. வயிறு எரிந்தது. வேறு எந்த வார்த்தை போட்டு எழுதினாலும் பொய்யாகிவிடும்.

அதன்பிறகு என்ன விவாதம் வந்தாலும், ‘கச்சான் வரட்டும், அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்’ என்று எழுத ஆரம்பித்தார்கள். உம்மு ஹபீபாவும் எழுதினார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என் வீட்டிலேயே நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. இராமலட்சுமி மத்தியானம் சாப்பாடு கொண்டுவருவாள், நான் சாப்பிடுகிற நேரத்துக்கு என் நாற்காலியில் உட்கார்ந்து களத்தைப் பார்ப்பாள். நான் எழுதுவதை அவள் படிப்பதில்லை, நீளமாக இருக்கிறது என்பாள். ஒருநாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்ன என்று கேட்டேன்.

“கச்சான் எழுதிருக்காரு. இந்த ஆளு பொண்டாட்டி குடுத்து வச்சவங்க” என்றாள்.

அப்புறம் தினமும் கேட்பாள். “என்னங்க, இன்னைக்கு அவரு எழுதிருக்காரா?” நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, தெரியாது, பார்க்கவில்லை என்பேன். விடியற்காலையிலேயே பார்த்திருப்பேன்.

அவன் யார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நாள் ஆகவில்லை. இந்தக் கரையில் ஓர் ஏற்பாடு இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மட்டும்தான் கடலுக்குப் போகும். மிச்ச நாள் நாட்டுப்படகுக்கு. இரண்டும் ஒரே நாளில் இறங்கினால் வலையோடு வலை மாட்டி வெட்டுக்குத்தாகிவிடும் என்று பேசி வைத்துக்கொண்டது. கச்சான் ஒரு திங்கட்கிழமைகூட எழுதியதில்லை. புதனும் சனியும் அப்படியே. படகுகளைக் கரையில் கட்டிப்போடுகிற மீன்பிடித் தடைக் காலத்தில் தினமும் எழுதினான். விசைப்படகுக்காரன் என்று தெரிந்துவிட்டது. எழுதுகிறவர் எந்த இண்டர்நெட் லைனிலிருந்து எழுதுகிறார் என்பதை மட்டுறுத்துநர் பார்க்க முடியும். பார்த்தேன். என் கடையின் லைன்.

கடைசி கேபினில் உட்காருகிற சந்தியாகுதான் அது. பி.காம். படித்தவன், அப்பாவுக்குப் பிறகு படகை எடுத்து நடத்துகிறான். கடலிலிருந்து வந்து மீனை இறக்கிவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வருவான். எழுதும்போது தனக்குள் சிரித்துக்கொள்வான். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவன் எழுதுவான், இந்தப் பக்கம் நான் படித்துக்கொண்டிருப்பேன். துலாக்கோல் யார் என்பது அவனுக்குத் தெரியாது.

ஒருநாள் காசு கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

“அண்ணே, சும்மாதான இருக்கீக. ‘இக்கரை’ன்னு ஒண்ணு இருக்கு, படிச்சுப் பாருங்கண்ணே. சண்ட சச்சரவு இல்லாம நல்லாப் பேசுவாக. அதுல துலாக்கோல்னு ஒரு மனுசன் இருக்காரு. அவருக்குத் தெரியாத விசயமே இல்ல. ஆனா பாவம்ணே, சிரிக்கவே தெரியாது. வீட்டுல பேச்சுத் துணைக்கு ஆளில்லையோ என்னமோ” என்றான்.

கிண்டலாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே இரக்கப்பட்டுச் சொன்னான். சரி தம்பி, படிக்கிறேன் என்றேன்.

இந்த வருடம் தை மாதம் நடந்தது இனி. அக்கரையில் சண்டை உச்சத்தில் இருந்தது. களத்தில் எல்லோரும் தொப்புள்கொடி உறவு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்பு குருநாதன் என்பவரின் படகு எல்லை தாண்டிப் பிடிபட்டு, அவருடைய தம்பி அக்கரை ஜெயிலில் இருந்தான். யாரோ ஓர் ஆள் காட்டிக் கொடுத்துவிட்டான் என்று கரையில் பேச்சு. அந்த நேரத்தில் கச்சான் ஒரு கட்டுரை போட்டான். நாம் உறவு உறவு என்று எழுதுகிறோம், ஆனால் நம்முடைய படகுகள் அந்தப் பக்கம் போய் வலை இழுக்கும்போது அறுந்து போவது அந்த உறவுக்காரனின் வலைதான், என் படகும் ஒரு தடவை அறுத்திருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளாமல் கவிதை எழுதி என்ன பிரயோஜனம் என்று கேட்டிருந்தான். யாரையும் பேர் சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லியிருந்தான்.

களத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு விவாதம் நடந்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிப்போய் டொராண்டோவில் இருக்கும் ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பெரியவர், வருடக்கணக்காகச் சும்மா படித்துக்கொண்டிருந்தவர், முதல் தடவையாக வந்து எழுதினார். இரண்டு பக்கமும் அழுதார்கள். நான் நான்கு வருடமாக விதி எழுதி, நீக்கி, எச்சரித்து, உருவாக்க நினைத்த தரம் அது. என் கண் முன்னால் வந்து நின்றது. வேறொருவன் கொண்டுவந்துவிட்டான்.

புதன்கிழமை அவன் கடலில் இருப்பான், கடைக்கு வர மாட்டான். அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். கடைசி கேபின் கம்ப்யூட்டரில் தன் கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் அடிக்கச் சோம்பல் என்று என்னிடமே சொல்லியிருக்கிறான். அங்கே போய் உட்கார்ந்து, கச்சானாக உள்ளே போய், கட்டுரையின் கடைசிப் பத்தியைத் திறந்தேன். ஒரே ஒரு வரி சேர்த்தேன்.

சுலபமாக வரவில்லை. அவன் நடை அப்படி. நான் எழுதினால் வார்த்தை நீளும். எழுதிப் பார்த்தேன், அழித்தேன், கரண்ட் போய்விட்டது, வந்ததும் மறுபடியும் ஆரம்பித்தேன். கடைசியில் இப்படி வந்தது: ‘அவர்கள் வலையை அறுத்த படகின் நம்பரை அக்கரைக்குச் சொன்னவன் நான்தான், அறுபட்ட வலைக்கு அழ இக்கரையிலும் ஒருவன் வேண்டும்.’

படித்துப் பார்த்தேன். உட்கார்ந்தபடியே இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய எதுவும் அவ்வளவு சரியாக அமைந்ததில்லை.

கட்டுரையைப் பிரிண்ட் எடுத்தேன். மீனவர்களை விடுவிக்கக் கோரிக் கலெக்டருக்குக் கொடுக்கிற மனுவைப் படகுச் சங்கத்தார் என்னிடம் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கட்டின் நடுவில் வைத்தேன். கடையில் இருந்த பழைய தாள் கலந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். ‘விளைவை அறியாமல்’ என்று ஏட்டையா எழுதியிருக்கிறார், என்மேல் பரிதாபப்பட்டு எழுதியிருக்கலாம். எனக்கு விளைவு தெரியும். தம்பியை ஜெயிலில் விட்டுவிட்டு ஒரு மனிதர் தூங்காமல் இருக்கிறார். அவர் கையில் இந்தத் தாள் போனால் என்ன நடக்கும் என்பதை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். மிச்ச ஜெராக்ஸைக் கொடுக்கப் போன நானும் ஓரமாக நின்றேன். ஒருவர் சத்தமாகப் படித்தார். என் வரி வந்ததும் கூட்டம் கொந்தளித்தது. கச்சான் என்கிறவன் யார் என்று அப்போது அங்கே யாருக்கும் தெரியாது. அதை அய்யா கவனிக்க வேண்டும். சந்தியாகு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவனாகத் தப்பித்திருப்பான். நான் அதையும் யோசித்து வைத்திருந்தேன், யாராவது கேட்டால் கடைசி கேபின் என்று சொல்லலாம் என்று. தேவையே இல்லாமல் போய்விட்டது. அவனே எழுந்து நின்றான்.

“கச்சான் நாந்தேன். கட்டுரையெல்லாம் நான் எழுதுனதுதேன். கடேசியில இருக்குல்ல, அந்த ஒரு வரி மட்டும் நான் எழுதல” என்றான்.

“ஏலே, மேல உள்ளதெல்லாம் நீ எழுதுன, கீழ உள்ளத மட்டும் பேய் எழுதுச்சா?” என்று குருநாதன் சட்டையைப் பிடித்தார்.

சந்தியாகு என்னைப் பார்த்தான். “இந்தா, அண்ணே கடையிலதான எழுதுறேன். அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவ்வளவு பேர் நான் சொல்வதைக் கேட்கக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. “ஆமா, இவரு எங்க கடையிலதான் எழுதுவாரு. வேற யாரும் அந்த கேபின்ல உக்காந்து நான் பாத்ததில்ல” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. நான் உட்கார்ந்ததை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

கூட்டம் முடிந்து அவன் நேரே கடைக்கு வந்தான். உதடு வீங்கியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

“யாரோ எம் பேருல உள்ள போயி எழுதிட்டாய்ங்கண்ணே. துலாக்கோல்கிட்ட கேக்கப் போறேன். நாயமான மனுசன். இது வேற ஆளு பண்ண வேலன்னு அவரு ஒரு வார்த்த களத்துல எழுதுனாப் போதும், பிரிண்ட் எடுத்துட்டுப் போயிக் காட்டிருவேன்” என்றான்.

கடைசி கேபினில் போய் உட்கார்ந்தான். அவன் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் மேஜைக் கம்ப்யூட்டரில் தனிமடல் வந்தது. ‘மதிப்புக்குரிய துலாக்கோல் அய்யாவுக்கு’ என்று ஆரம்பித்திருந்தான். தனக்குப் பெண்டாட்டி இருக்கிறாள் என்றும், நாளைக்குக் காலைக்குள் பதில் வேண்டும் என்றும், இந்தக் களத்தில் தான் முழுதாக நம்புகிற ஒரே ஆள் நான்தான் என்றும் எழுதியிருந்தான். சிரிப்பு வருகிற மாதிரி ஒன்றும் இல்லை. நடை சாதாரணமாகத்தான் இருந்தது.

பதில் எழுதினேன். ‘அன்புள்ள கச்சான், உங்கள் கணக்கிலிருந்து, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் லைனிலிருந்தே அந்த வரி சேர்க்கப்பட்டுள்ளது. ஆதாரம் இல்லாமல் எதையும் அறிவிப்பது களத்தின் விதிக்குப் புறம்பானது. புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறேன்.’ அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுத் தடுப்புக்கு மேலாகப் பார்த்தேன். தலை அசையவில்லை.

வெளியே வந்து, “அவரு சொல்லுறதும் சரிதேன்” என்றான். “விதின்னா எல்லாருக்கும் விதிதான. வாரேண்ணே.”

மறுநாள் சனிக்கிழமை. அவன் படகை இறக்க விடவில்லை. கடலில் வைத்துப் பேசிக்கொள்வோம் என்று இன்னொரு படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் யார் என்பது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை படகு வந்தது, அவன் வரவில்லை. தவறி விழுந்துவிட்டான் என்றார்கள். வாடைக் காற்றுக் காலத்தில் நீரோட்டம் தெற்கே இழுக்கும். பாம்பன் பாலத்துக்கு அடியில் போய்ப் புதுமடத்தில் ஒதுங்கினான்.

இறந்தவன்தான் கச்சான் என்று ராமநாதபுரம் பேப்பரில் வந்ததைப் பார்த்து உம்மு ஹபீபா களத்தில் ஓர் அஞ்சலி இழை ஆரம்பித்தார். நான் ஆரம்பித்த எந்த இழைக்கும் அவ்வளவு பேர் வந்ததில்லை. வராதவர்கள், கோபித்துக்கொண்டு போனவர்கள், நான் வெளியேற்றியவர்கள்கூடப் புதுப் பெயரில் வந்து எழுதினார்கள். சண்டை இல்லை, ஒருமை இல்லை, ஒரு வார்த்தைகூட நீக்க வேண்டியிருக்கவில்லை. துபாய்க்காரர் வெறும் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போனார்.

அது முடிந்துவிடும் என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் எல்லோரும் எதை எடுத்துப் போட்டார்கள் தெரியுமா? அந்த வரியை. ‘அறுபட்ட வலைக்கு அழ இக்கரையிலும் ஒருவன் வேண்டும்.’ உயிர் போகும் என்று தெரிந்தே உண்மையைச் சொன்னவர் என்று எழுதினார்கள். பாதிப் பேர் தங்கள் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே அதைக் கையெழுத்தாக வைத்துக்கொண்டார்கள். டொராண்டோவில் ஒருவர் கடல் படம் போட்டு, பெரிய எழுத்தில் அதை எழுதி, அடியில் ‘கச்சான்’ என்று போட்டார். சென்னையில் ஏதோ ஒரு கூட்டத்தில் பேனராகவே வைத்தார்களாம்.

அவன் எழுதியது அத்தனை இருக்கிறது. அதில் ஒரு வரிகூட யாருக்கும் ஞாபகம் இல்லை. என் வரியைத் தூக்கி அவன் பெயரில் கட்டிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. செத்தவன்மேல் என்ன பொறாமை என்று நீங்கள் கேட்பீர்கள். உயிரோடு இருந்தபோது அவனுடையதை வைத்துக்கொண்டுதான் என்னை ஜெயித்தான். செத்த பிறகு என்னுடையதையே எடுத்துக்கொண்டான்.

களத்தில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ‘அந்த வரியின் நடை கச்சானின் மற்ற எழுத்தோடு பொருந்துகிறதா, அதைவிட மேலான ஒரு கை தெரிகிறதே’ என்று ஓர் இழை தொடங்கினேன். உம்மு ஹபீபா முதல் பதிலாக, ‘துலாக்கோல் அண்ணன், மவ்த்தானவரிடமுமா போட்டி? அல்லாஹ்வுக்காக இதை நிறுத்துங்கள்’ என்று எழுதினார். நானே அந்த இழையை மூட வேண்டியதாயிற்று.

இராமலட்சுமி மத்தியானம் என் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவும் இல்லை.

“எப்பேர்ப்பட்ட வார்த்தைங்க இது. இப்படி ஒரு வார்த்த எழுதுன மனுசனையா கொன்னாய்ங்க, படுபாவிப் பயலுக” என்றாள்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நான் எழுதிய ஒன்றைப் படித்து அவள் அழுதது அப்போதுதான். வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை, கரண்ட் இல்லாத நேரம், கடையில் யாரும் இல்லை. ஜோதிமேரி வந்தாள். சந்தியாகுவின் மனைவி. அதற்குமுன் நான் அவளைப் பார்த்ததில்லை. கூட்டத்தில் படித்த அந்தத் தாளைச் சங்கத்திலிருந்து கேட்டு வாங்கி வைத்திருந்தாள்.

“அண்ணே, அவுக எழுதுறதையெல்லாம் வீட்டுல வந்து எனக்கு ஒப்பிப்பாக. இந்தக் கடேசி வரி மட்டும் அவுக எழுதுனதில்ல” என்றாள்.

“எப்படிம்மா சொல்றே?”

“தெரியும்ணே.” தாளைத் திருப்பி என் முன்னால் வைத்து அடியில் விரலை வைத்தாள். “இது என்ன போட்டுருக்கு?”

பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பதிவைத் திருத்தினால் களம் தானாகவே அடியில் நாளைப் போட்டுவிடும். கடைசியாகத் திருத்தியது: கச்சான், புதன்கிழமை.

“புதன்கெழம அவுக கடல்ல கெடந்தாக” என்றாள். “நாந்தேன் சோறு கட்டிக் குடுத்து அனுப்புனேன். கூட்டத்துல இருந்த அத்தன ஆம்பளையும் அன்னைக்குப் பக்கத்துப் பக்கத்துல வலை இழுத்துருக்காக. ஒருத்தனுக்கும் இது கண்ணுல படல. கடல்ல கெடக்குற மனுசன் இங்கன வந்து எப்படிண்ணே எழுதுவாரு?”

கரைக்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அவனுக்குக் கிழமை ரத்தத்தில் இருக்கும். எனக்கு அது புத்தக அறிவு. அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்தேன், பிறகு அதே கிழமையில் போய் மாட்டிக்கொண்டேன். அப்போதும் தப்பிக்க வழி இருந்தது. களத்தின் கம்ப்யூட்டர் அமெரிக்காவில் இருக்கிறது, அங்கே நாள் மாறும் என்று சொல்லியிருக்கலாம். நான் படித்தவன், சொன்னால் நம்பியிருப்பாள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“அப்ப இந்த வரிய எழுதுனது ஆருண்ணே?” என்று கேட்டாள்.

இத்தனை நாளில், இத்தனை நாட்டில், இத்தனை பேரில், ஒருவர்கூட என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

“நான்தாம்மா” என்றேன்.

அவள் கத்தவில்லை. அடிக்கவும் இல்லை. தாளை மடிக்காமல் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தியாகு எழுதிய ஒவ்வொன்றையும் காதால் கேட்டவள். அவனுடைய எழுத்து எது, இன்னொருவனுடையது எது என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லத் தெரிந்தவள். இதைப் பற்றிக் கருத்துச் சொல்ல அவளைவிடத் தகுதியான ஆள் இந்தக் கரையில் கிடையாது. அதனால் கேட்டேன்.

“வரி நல்லாருக்காம்மா?”

அவள் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி, வெயிலில் நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தாள். மேலே எழுதிய எல்லாவற்றையும் நான் ஒத்துக்கொள்கிறேன், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்ணை நீங்கள் மறுபடி விசாரிக்கக் கூப்பிடுவீர்கள் அல்லவா? அப்போது அந்தக் கேள்விக்கு அவள் என்ன பதில் சொல்கிறாள் என்று கேட்டு எனக்குச் சொல்லுங்கள் அய்யா.